ஜன்னல் மட்டும் அவன் கற்பனை

நாற்பதாம் பக்கத்தில் வரும் அறையை
எனக்குத் தெரியும்.
பதினோரு கெட்டில்கள் ஓயாமல் கொதிக்கும்,
சுவர்கள் வியர்க்கும்
என்று எழுதியிருக்கிறான் எவ்திம்.
படித்தவர்களுக்குத் தூக்கம் போனதாம்.
எனக்குப் பசித்தது.
பெர்னிக் தபால் நிலையத்தின் பின்கட்டு அது.
பதினாறு வருஷம் அங்கேதான்
மதியம் பீன்ஸ் சூப் குடித்தேன்.

கெட்டில்கள் ஒன்பதுதான்.
ஆவியில் காட்டினால்
உறையின் உதடு தானாக விலகும்.
ஸ்லாவ்கா பிரிப்பாள். நான் படிப்பேன்.
கறுப்பு மையால் அடிக்க வேண்டியதை அடிப்பேன்.
யோர்தான்கா ஒட்டுவாள்,
ஒட்டும்போது வாய்க்குள் எண்ணுவாள்
சம்பள நாளுக்கு இன்னும் எத்தனை என்று.

நாவலில் எங்களுக்கு முகமில்லை.
சாம்பல் அங்கி, ஒரே உயரம்,
கண் இருக்கும் இடத்தில் முத்திரை.
நான் நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தேன்,
முழங்கையில் ஒட்டுப்போட்டது.
யோர்தான்காவுக்குப் பல்வலி.

மற்ற இடங்களும் உண்டு அதில்.
ஒலிபெருக்கியின் முன் பிள்ளைகள் நாக்கை நீட்டிக் காட்டும் பள்ளிக்கூடம்.
கடிகாரங்களைப் புதைத்த உருளைக்கிழங்கு வயல்,
இரவில் காதை மண்ணில் வைத்தால் கேட்குமாம்.
பக்கத்து வீட்டார் இருமலைக்
குறித்து வைக்கும் மாடிப்படி.
முதல் இரண்டும் எனக்குத் தெரியாது.
மாடிப்படி எங்களுடையது.
குறிப்பேட்டில் பென்சிலைக் கட்டிய நூல் இற்றுப்போனால்
நான்தான் மாற்றுவேன்.

கொதிகலனைப் பழுதுபார்க்க
இரண்டு தடவை வந்தான் எவ்திம்.
எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.
குழாயைப் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான்,
இப்போதல்லவா தெரிகிறது.
அதற்கு முன்பே அவனை எனக்குத் தெரியும்.
வார்னாவில் இருந்த கலினாவுக்கு
வாரம் ஒன்று எழுதுவான்,
'ர' போடும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கும்.
அவள் கடைசியாக எழுதியது ஒரே வரி.
'வியாழன் ரயிலில் வா.'
ரயில் நேரம் எழுதக் கூடாது என்று விதி.
அடித்தேன்.
மிச்சம் இருந்தது அவள் கையெழுத்து மட்டும்.
அதை ஒட்டி அனுப்பினோம்.

அவனுடைய அறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது.
கடைசி அத்தியாயத்தில் முகமில்லாத ஒருத்தி
அதைத் திறக்கிறாள்,
ஒரு கடிதம் மட்டும் பறந்துபோகிறது.
எங்களுக்கு ஜன்னல் இல்லை.
காற்று வேண்டுமென்றால் கழிப்பறைக்குப் போவோம்.

கோடையில் மாணவர்கள் புத்தகத்தோடு வருகிறார்கள்.
எந்தச் சுவரில் இருந்தது பாட்டி என்கிறார்கள்.
ஒருநாள் கிழக்கைக் காட்டுவேன்,
ஒருநாள் அலமாரிப் பக்கம்.
படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.
அவன் தெரிந்து எழுதினானா
தெரியாமல் எழுதினானா
என்று கேட்க அவனும் இல்லை.

இப்போது அங்கே கைபேசிக் கடை.
எவ்வளவு வெயிலிலும் சுவர் வியர்க்கிறது
என்று குறைப்பட்டான் கடைப் பையன்.
சுண்ணாம்பு அடித்துப் பார் என்றேன்.
மூன்று தடவை அடித்தாயிற்று என்றான்.