வெளியேறிய நேரம்

ஹார்ல்பெக் சிக்னல் கேபினை
ஒரு பவுண்டுக்கு எங்கள் தலையில் கட்டியது ரயில்வே.
கூரையின் கல்நாரை அகற்ற மட்டும்
பதினோராயிரம் ஆயிற்று.
யானை ஒரு பவுண்டு, அங்குசம் பதினோராயிரம்.

சன்னல் சட்டத்துக்கு என்ன நிறம் என்று
ஏழு மாதம் சண்டை.
பெரில் ஸ்டோபர்ட் பேனாக்கத்தியால்
ஒன்பது பூச்சுகளைச் சுரண்டி
அடியில் கிடந்த வெளிர்பச்சையைக் காட்டினாள்.
அதுவும் யாருக்கும் பிடிக்கவில்லை.

இருபத்திரண்டு நெம்புகோல்கள்.
எஃகுப் பிடியை வெறுங்கையால் தொடக்கூடாது,
வியர்வை பட்டால் துரு.
துணி சுற்றித்தான் இழுக்க வேண்டும்,
கொதிக்கிற பாத்திரத்தை இறக்குவதுபோல.
இழுத்தால் வந்துவிடுகிறது, சுளுவாக.
கீழே கம்பி இல்லை.
தண்டவாளம் ஓடிய இடத்தில்
சைக்கிள் பாதை, சில ஆடுகள்.

பதிவேடு அடுப்புக்குப் பின்னால் கிடைத்தது.
1968 மார்ச் 2, சனி. கடைசி வண்டி.
பகுதிக்குள் நுழைந்த நேரம்: இரவு 9.41.
வெளியேறிய நேரம் என்ற கட்டத்தில்
மை இல்லை.

விதிப்படி பார்த்தால்
அந்த வண்டி இன்னும் வழியில்தான் இருக்கிறது.
அதன் பின்விளக்கின் சிவப்பைக்
கண்டதாக ஒருவரும் எழுதவில்லை.
அடுத்த வண்டியை எப்படி அனுப்புவது?

பணியில் இருந்தவர் ஃபென்விக்.
குடித்திருப்பார் என்றான் கொலின் ஹெஸ்லப்.
கையாட்டப் படியிறங்கிப் போயிருப்பார் என்றாள் பெரில்.
கையெழுத்து நடுங்கவில்லை என்றேன் நான்.
9.41இன் அந்த ஒன்று
ஆணி அடித்த மாதிரி நிற்கிறது.

கட்டத்தை நிரப்பலாமா என்று வாக்கெடுப்பு.
ஆம் நான்கு. இல்லை நான்கு.
தலைவருக்குத் தும்மல் வந்தது.
கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

திறப்பு விழாவன்று
மேயர் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கையில்
பெரில் தனியாக மேலே போனாள்.
பின்னாலேயே போனேன், துணியை மறந்துவிட்டாளே என்று.
நெம்புகோல் பக்கம் அவள் போகவேயில்லை.
மணிச் சாவியைத் தட்டினாள்:
இரண்டு.
கொஞ்சம் பொறுத்து, ஒன்று.
வண்டி முழுதாக வந்து சேர்ந்தது
என்று அதற்குப் பொருள்.

தட்டுகிறவருக்கு மணி கேட்காது.
நம் பக்கம் வெறும் டக்.
ஒலிப்பதெல்லாம் அடுத்த கேபினில்.
அடுத்த கேபின் இருந்த இடம் இப்போது
ஒரு மெத்தைக் கடையின் கார் நிறுத்தம்.
அங்கே யாராவது
சாமான் ஏற்றுவதை நிறுத்தி
நிமிர்ந்து பார்த்தார்களா, தெரியாது.

பதிவேடு கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.
கட்டம் இன்றும் வெறுமை.
பேழையின் சாவி என்னிடம்.
பேனாவும்.