ஒரே குண்டூசியில் மூன்று தாள்

முதல் வாரம் முழுக்க ஊசி பிடுங்கினேன்.
அந்த வேலைக்கு வேறு பெயர் இல்லை.
ஸ்டேப்ளர் முள், கிளிப், குண்டூசி,
காகிதத்தைத் தின்னும் இரும்பு எதுவானாலும்
தட்டைக் கரண்டியால் நெம்பி
ஜாம் பாட்டிலில் போடவேண்டும்.
வெள்ளிக்கிழமை கழுத்துவரை நிறைந்திருந்தது.

மொபீல் நகரம், டாஃபின் தெரு, மூன்றாம் மாடி.
கீழ்த்தளத்தில் வழக்கறிஞர்கள் ஓடுகிறார்கள்,
ஏதோ தொகுதி எல்லை, திங்கட்கிழமை வாய்தா.
வெளியே ஜூன் மாதம் தாரை உருக்க
மேலே நான், பதினெட்டு டிகிரிக் குளிரில்,
அண்ணன் டெமாரியஸின் கம்பளிச் சட்டைக்குள்.
சம்பளம்: பேருந்துக் காசு, மதியம் ஒரு சாண்ட்விச்.

விதிகள் சுவரில் ஒட்டியிருக்கின்றன.
உலோகம் அகற்று. செய்தித்தாளை நகலெடு.
கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது
சிவப்பு உறைக்குள் போகும்; படிக்காதே.
(படித்தேன்.)
சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, துண்டு துக்காணி
எல்லாம் பெட்டி முப்பத்தொன்று.

நீச்சல்குள வழக்கு, அறுபத்து மூன்றாம் வருடம்.
நகராட்சிக் குளத்தில் எங்கள் பிள்ளைகளும் இறங்கட்டும் என்று
பதினோரு அம்மாக்கள் கையெழுத்திட்ட மனு.
நீதிமன்றம் போன பிரதியில் பத்துப் பேர்.
லுவீனியா ஸ்டால்வொர்த் என்ற வரியை
அளவுகோல் வைத்து அடித்திருந்தார்கள்,
கோணாமல், மரியாதையாக.

அவள் கடிதமும் இருந்தது.
‘என் பெயரை எடுத்துவிடவும்.
யாரும் என்னை வற்புறுத்தவில்லை.’
கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்?
தோன்றியது, போய்விட்டது.
‘தானாக விலகினார்’ என்று பட்டியலில் தட்டிவிட்டு
சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால்
கடிதத்தின் இடது மூலையில் இரண்டு துருப்பொட்டு,
அரை அங்குல இடைவெளி, கொஞ்சம் சாய்வு.
ஒற்றைத் தாளுக்கு யார் ஊசி குத்துவார்கள்?

பெட்டி முப்பத்தொன்றைக் கொட்டினேன்.
நானூறு சீட்டு இருக்கும்.
ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
நான்கு மணிக்கு இரண்டு கிடைத்தன.
சலவை நிலையம், இஸ்திரிப் பிரிவு.
ஆகஸ்ட் ஒன்பது: பென்சிலில் ‘கடைசி வாரம்’.
ஆகஸ்ட் பதினாறு: மறுபடி அவள் பெயர்,
மணிக்கு ஐந்து சென்ட் குறைச்சலாக.
கடிதம் பன்னிரண்டாம் தேதி.

தேதி வரிசையில் அடுக்கித் தூக்கிப் பிடித்தேன்.
இரண்டு இடத்தில் வெளிச்சம் வந்தது.

அவளோ, வக்கீலின் குமாஸ்தாவோ,
யாரோ ஒரு வார்த்தை எழுதாமல்
சாட்சியத்தைக் குத்தி வைத்திருக்கிறார்கள்.
அறுபது வருடம் சேர்ந்திருந்ததை
செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு
காதில் பாட்டு ஓடப் பிரித்தவள் நான்.

விலகினார்.
விலக்கினார்.
இடையே குறைந்தது ஒரே ஒரு மெய்,
தலையில் புள்ளியோடு.

குறிப்பைத் திருத்தினேன்:
‘மூன்று தாள்கள். ஒரே ஊசியில் இருந்தன.
ஊசியை ஜூன் இருபத்தேழில் நான் எடுத்தேன்.’

கார்வின் படித்தான். நாற்பது மீட்டர் அலமாரி
இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது அவனுக்கு.
‘ஆவணக் குறிப்பில் நான் வராது.
எடுக்கப்பட்டது என்று போடு.’
‘யாரால்?’
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
இருக்கட்டும் என்று சொல்லவில்லை,
அழிக்கவும் இல்லை.
கீழே இருந்து போன் வந்தது, போய்விட்டான்.

பாட்டிலை மேஜையில் கவிழ்த்தேன்.
எது அவளுடையதென்று தெரியவில்லை.
எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே நீளம்.
திரும்ப அள்ளிப் போட்டு
மூடியில் தேதி எழுதினேன்.
என்ன பொருள், எந்தப் பெட்டி என்று
கணினி கேட்டது.
ஊசிகள் என்றேன்.
முப்பத்தொன்று அ.