ஏழாவது கட்டம்

சாரதியின் வயது.
படிவத்தில் ஏழாவது கட்டம் அது.
அதற்கு முன்னால் வாகன இலக்கம், எஞ்சின் இலக்கம்,
வீதியின் பெயர், மழையா வெயிலா.
பதினொரு வருடமாய் நிரப்புகிறேன்.
காப்புறுதிக் கம்பனி தந்த டோர்ச், கம்பனி தந்த கமரா,
கண்ணாடித் துகளில் நடக்கவென்று
நானே ஒதுக்கி வைத்த பழைய செருப்பு.

நேற்றிரவு மரைன் டிரைவில் ஒரு வெள்ளை விட்ஸ்
தண்டவாளப் பக்கத்துச் சுவரை முகர்ந்தபடி நின்றது.
பையன் நடைபாதையில் இருந்தான், உயிரோடு,
ஒற்றைச் சப்பாத்தோடு.
"அன்ரி, அப்பாட்ட நீங்களே சொல்லுறீங்களா?"
வயதைக் கேட்டேன்.
பதினெட்டும் ஒன்பது நாளும் என்றான்.
நாளையும் சேர்த்துச் சொல்கிற வயது.
பாலர் வகுப்பிலும் அப்படித்தான் சொல்வார்கள்:
நாலரை, ஐந்தே கால்.

வயதைக் கூட்டப் போகிறார்களாம்.
ரேடியோவில் ஒருவர் இருபது என்கிறார்,
அடுத்தவர் இருபத்தொன்று, ஏலம் கேட்பதைப் போல.
கூட்டினால் எங்களுக்கும் கொஞ்சம் நித்திரை கிடைக்கும்
என்கிறான் கந்தோரில் பிரசங்க.
நானும் தலையாட்டினேன்.
உடனே வெட்கமாயும் இருந்தது.

வீட்டில் அபிரா.
செப்டெம்பரில் பதினெட்டு.
மெடிக்கலுக்குப் போகிற திகதியை
இப்போதே பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள்.
"வோட்டுப் போடலாம், கலியாணம் கட்டலாம்,
கடன் எடுக்கலாம், கோட்டில ஏறி நிக்கலாம்,
ரிவேர்ஸ் மட்டும் எடுக்கக் கூடாதோ?"
நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.
அவள் பேசப் பேச
ஏழாவது கட்டத்தில் யாரோ அவளுடைய வயதை எழுதுகிறார்கள்,
என் கையெழுத்தில்.

அஸ்ஜத்துக்குப் பத்தொன்பது. மாளிகாவத்தை.
வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குக் கொத்து கொண்டுவருவான்.
பெப்ரவரியில் அவனுடைய உடைந்த ஹெட்லைட்டையும்
நான்தான் படம் எடுத்தேன். பிழை அவனில் இல்லை,
பார்க்காமல் திறந்த வேன் கதவில்.
வயதைக் கூட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.
ஹெல்மட்டைக் கழற்றாமலே சிரித்தான்.
"ரெண்டு வருஷத்துக்கு வயித்தையும் நிப்பாட்டுவாங்களா, ஆன்ட்டி?"
படியிறங்கும்போது கத்தினான், அஞ்சு ஸ்டார் போடுங்க.

போன மாதம் ஹெவ்லொக் வீதியில்
இடப்பக்கம் சிக்னல் போட்டு வலப்பக்கம் திரும்பியவருக்கு
அறுபத்திரண்டு. வெள்ளைச் சேர்ட், கசங்கவேயில்லை.
அந்த வயதை யாரும் ஏலம் விடவில்லை.
எனக்கு லைசன்ஸ் கிடைத்தது முப்பத்தாறில்,
வெரஹெரவில் மூன்றாம் தடவை.
அதே கிழமை எங்கள் கேட்டில் இடித்தேன்.
இரவோடிரவாகப் பெயின்ற் அடித்தேன்.
இன்றைக்கும் அந்த இடம் மட்டும் கொஞ்சம் பச்சை கூட.

ஒரேயொரு தடவை கட்டத்தை வெறுமையாய் விட்டிருக்கிறேன்.
பேஸ்லைன் வீதி. விடியப்புறம்.
கேட்பதற்கு அங்கே யாரும் இருக்கவில்லை.
பின்சீற்றில் புத்தகப் பை.
கணக்குக் கொப்பியின் அட்டையில்
வட்ட எழுத்தில் பெயர், தரம் பன்னிரண்டு.
தரத்திலிருந்து வயதைக் கூட்டிப் பார்த்தேன்.
பேனை கையில் இருந்தது. எழுதவில்லை.
மேலிடம் படிவத்தைத் திருப்பி அனுப்பியது,
பூரணமில்லை என்று.

இன்று காலையும் பிரிட்ஜ் கதவில் அந்தத் திகதி.
காந்தம் வழுகியிருந்தது.
நேராக்கினேன், விழக்கூடாதென்று;
பிறகு விட்டுவிட்டேன், விழுந்தால் விழட்டுமென்று.
போன் அடிக்கிறது. பொரளைச் சந்தி.
செருப்பைத் தேடுகிறேன்.
அறைக்குள்ளிருந்து அபிரா,
பாதி நித்திரையில்:
"எத்தினை வயசாம்?"