ஆயிரத்து ஐந்நூறு

பகாவ் சாலையில் ஒரு பலகை:
ஹட் லாஜு அறுபது.
அதே ஹட்தான் என் கணக்குப் புத்தகத்திலும்.
ஹட் கிரி. ஹட் கானான்.
இடப்பக்கமாக நெருங்கினால் ஒன்று,
வலப்பக்கமாக நெருங்கினால் வேறொன்று.
இரண்டும் ஒத்துப்போகாவிட்டால்
'எல்லை இல்லை' என்று எழுதி அடிக்கோடிட வேண்டும்.
மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி சொல்லும்
எல்லையில்லாக் கருணை அல்ல இது.
இதற்கு இரண்டு மதிப்பெண்.

இரவில், இரண்டாம் முறையாக, ஆறாம் படிவம்.
பகலில் செம்பனைத் தராசு மேடையில் கிராணி.

கண்ணாடியில் ஒட்டிய சுற்றறிக்கை:
ஆயிரத்து ஐந்நூறு கிலோவுக்குக் குறைந்தால்
டன்னுக்கு முப்பத்திரண்டு வெள்ளி.
மேற்பட்டால், மொத்தத்துக்கும் நாற்பத்தொன்று.
சிட்டையின் பின்னால் வரைந்து பார்த்திருக்கிறேன்.
கீழே ஒரு கோடு ஏறி வந்து
நாற்பத்தெட்டை நெருங்கி, நெருங்கி,
தொடாமல் நிற்கும்.
மேலே ஒரு கோடு
அறுபத்தொன்று ஐம்பதிலிருந்து கிளம்பும்,
அதையும் தொடாமல்.
இரண்டு முனையிலும் வெற்று வட்டம்.
நடுவில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை, மழை விட்ட பிறகு,
அருளானந்துவின் டிரெய்லர் மேடை ஏறியது.
ரஃபிக்குல் கீழே குனிந்து
உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
எங்கள் தராசு பத்துப் பத்தாகத்தான் தாவும்.
1490. 1500. 1490.
பிறகு அசையாமல்
1500.

"எவ்ளோ?"
"ஆயிரத்து ஐந்நூறு."
"சரியாவா?"
"சரியா."
"அப்ப நா எந்தப் பக்கம்?"

அலுவலகத்துக்கு மூன்று முறை அடித்தேன்.
சாப்பாட்டு நேரம்.
எல்லைக்குப் புள்ளியில் என்ன நடந்தாலும் கவலையில்லை,
அக்கம்பக்கம் மட்டும் போதும்.
இவர் புள்ளியிலேயே நிற்கிறார்,
காலணியில் சேறு சொட்ட.

61.50.
பேனாவை அழுத்தி எழுதினேன்.
தசமப் புள்ளி கார்பன் தாளைத் துளைத்து
மூன்றாம் பிரதியில் பொத்தலாக விழுந்தது.

திங்கட்கிழமை புதிய சுற்றறிக்கை வந்தது.
'ஆயிரத்து ஐந்நூறு வரை' முப்பத்திரண்டு.
அந்த 'வரை' மட்டும் தடித்த எழுத்தில்.
மாதக் கடைசியில் என் சம்பளத்தில்
பதின்மூன்று வெள்ளி ஐம்பது காசு குறைந்திருந்தது.

தாவலின் உயரம் அது.
அருளானந்துவுக்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.
ஆனால் இப்போதெல்லாம் ரஃபிக்குல்
எடை போடுவதற்கு முன்பே
உதிரிப் பழங்களை அள்ளிப் போட்டுவிடுகிறான்.