பன்னிரண்டு வோல்ட்

லிஃப்டில் எனக்கென்று ஒரு மூலை இருக்கிறது.
யாரும் எழுதித் தரவில்லை.
காலை ஏழுக்கு நான் ஏறினால்
மற்றவர்கள் கதவோரம் ஒதுங்கி
மூச்சைச் சேமிப்பில் போட்டுவிடுவார்கள்.

எட்டாம் மாடி சியூ மெய் மரியாதைக்காரி,
மூக்கைப் பொத்தமாட்டாள்.
கைப்பேசியைப் பார்ப்பாள்.
அணைந்து கிடக்கும் கைப்பேசியை.

பத்து மாவுங்கில் ஏற்றி
ஆயர் ஈத்தாம் பாசாரில் இறக்கி
பாயா தெருபோங் வந்து சேர்வதற்குள்
மீன்தண்ணீர் முழங்கைவரை காய்ந்து
செதிலோடு செதிலாக நானும் மினுங்குவேன்.

கூடாரம் போடுகிறவர்களுக்கான கை ஷவர்,
முப்பத்தொன்பது ரிங்கிட்.
ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஒரு மணி நேரம் என்றது பெட்டி.
பதினோராவது நிமிடம்
தலை நிறைய நுரையோடு
என்னை நடுரோட்டில் விட்டது.

உள்ளிருந்த பேட்டரியைப் பிடுங்கினேன்.
வேனின் பன்னிரண்டு வோல்ட்டை நேராகக் கொடுத்தேன்.
மூன்று விநாடி
கொடிமலைக்கே எட்டும்போல் பீய்ச்சியது.
நான்காவது விநாடி, வெந்த பிளாஸ்டிக் நாற்றம்.
அது கேட்டது ஐந்துதான்.
கேட்டதற்கு மேல் கொடுத்தால்
கொடுப்பதும் அடிதான் போல.

இரண்டாவது ஷவர். இன்னொரு முப்பத்தொன்பது.
(சுகிர்தாவுக்கு முதலாவதன் கணக்கு மட்டும் தெரியும்.)
லோரோங் கூலிட் பழைய சாமான் கடையில்
தீப்பெட்டி அளவுக்கு ஒரு கன்வர்ட்டர்,
மேலே எள்ளளவு பித்தளைத் திருகு.
மீட்டரை வைத்துக்கொண்டு இடப்பக்கம் திருகினேன்.
அசையவில்லை.
ஐந்து சுற்று, எட்டுச் சுற்று,
கடைக்காரனை மனதுக்குள் திட்டி முடித்து
பன்னிரண்டாவது சுற்றில்
எண் மெல்ல இறங்கத் தொடங்கியது.
ஐந்து புள்ளி ஒன்றில் நிறுத்தி
சுகிர்தாவின் சிவப்பு நகப்பூச்சைத் தொட்டு வைத்தேன், நகராதிருக்க.
நடுவில் ஒரு பியூஸ்.
அது, என்னை நான் நம்பாததற்கு.

அதன்பின் விடிகாலைகளில்
ரெலாவ் வளைவு தாண்டி, பின்கதவைத் தூக்கிவிட்டு,
நீலப் பீப்பாய்க்குள் மோட்டாரை இறக்கி,
அரைக்கால் சட்டையோடு நின்று குளித்தேன்.
ஒரு குரங்கு குடும்பத்தோடு பார்த்தது.
லிஃப்டில் லைஃப்பாய் மணந்தேன்.
மூலை மட்டும் பழக்கத்தில் அப்படியே இருந்தது.

எங்கோ பெரிய குழாய் உடைந்த புதன்கிழமை
இருபத்திரண்டு மாடியும் வறண்டது.
இரவு எட்டரைக்கு சியூ மெய் இறங்கி வந்தாள்.
கையில் மகன், தலை முழுக்க ஷாம்பு,
கண்ணை இறுக்கிக்கொண்டு அலறுகிறான்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
வேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
பதினோராவது நிமிடத்து நுரையை
நான் அறிவேன்.

அவனுக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை.
பிறகு ஒரு பிள்ளைத்தாய்ச்சி,
பிறகு கால் கழுவ மட்டும் என்று ஒருவர்,
கால் என்பது கழுத்துவரை இருந்தது அவருக்கு.
நேப்பாளத்து ஜாகா திலக் வரிசையைப் பார்த்துக்கொண்டான்.
இருட்டில் வழுக்காமலிருக்க
முன்விளக்கை எரியவிட்டேன்.
பீப்பாய் காலியானதும்
எல்லோரும் போனார்கள், நானும் போனேன்.
விளக்கு போகவில்லை.

இரவு இரண்டு மணி. சாவியைத் திருப்பினேன்.
'டிக்' என்றது. அவ்வளவுதான்.
பத்து மாவுங்கில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்.
என்னைக் கேட்காமலே திலக் மேலே போய்
எட்டாம் மாடி மணியை அடித்தான்.

தூக்க உடையில், கலைந்த தலையோடு
ஜம்பர் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.
சிவப்பு எதில், கறுப்பு எதில் என்று
பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.
தெரியாதவன்போல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அன்று எல்லாமே தாமதம். பீப்பாயும் காலி.
குளிக்காமலே லிஃப்டில் ஏறினேன், என் மூலைக்கு.
மகனைப் பள்ளிக்கு விட்டுவிட்டுத் திரும்பியவள்
கூடவே ஏறினாள்.
மூக்கைப் பொத்திக்கொண்டாள்,
வெளிப்படையாக, இரண்டு விரலால்,
எட்டாம் மாடிவரை.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.