ஏடு

மேல்விஷாரம் கழிவுநீர் நிலையத்துக் கணினி
கடைசியாக எப்போது ஸ்டார்ட் ஆனது?
அவ்வளவுதான் கேட்டிருந்தது கடிதம்.
ராணிப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் போனேன். கத்திரி வெயில்.
தோல் வாடை பாலாற்றுப் பாலத்திலேயே
ஹெல்மெட்டுக்குள் ஏறிவிட்டது.

இரண்டு சாட்சிகள் உண்டு அதற்கு.
ஒன்று ஏடு. எழுந்தவுடன் ஒரு வரி எழுதி வைக்கும்.
திறந்து பார்த்தேன்:
இரண்டாயிரம், ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டிப் பதினான்கு விநாடி.
ஆற்காட்டுச் சர்ச்சில், புது வருஷ ஆராதனையில்,
அம்மா மடியில் நான் தூங்கி வழிந்த நேரம்.
இந்தப் பெட்டி அப்போது செய்யப்படவே இல்லை.
உள்ளே பொட்டளவு பேட்டரி செத்தால்
எந்த நாள் எழுந்தாலும்
அந்த நள்ளிரவில்தான் எழுகிறது.

இன்னொன்று கணக்கு.
விழித்திருக்கும் விநாடிகளை எண்ணிக்கொண்டே இருக்கும்,
கேட்பார் இல்லாவிட்டாலும்.
கடிகாரத்தைத் திருத்தினேன்.
புதன் பகல் பதினொன்று நாற்பத்தேழிலிருந்து
முப்பத்துமூன்று மணி நேரத்தைக் கழித்தது:
செவ்வாய், அதிகாலை இரண்டு நாற்பத்தேழு.
ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு
வயசைச் சொல்லி வருஷம் கண்டுபிடிப்பார்களே, அப்படி.

ஏட்டில் இன்னும் மேலே போனேன்.
அணைந்ததற்கு ஒரு வரியும் இல்லை.
முறையாக அணைத்தால் எழுதும்.
கரண்ட் போனால்
எதைக் கொண்டு எழுதும்?
பம்பின் கடைசி அளவு
திங்கள் இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.
பிறகு மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் குறைவாக
யாருமே இல்லை.

முனிரத்தினம் ரிஜிஸ்டரை நீட்டினார்.
பன்னிரண்டு மணி, பம்ப் ஓடுகிறது.
ஒரு மணி, பம்ப் ஓடுகிறது.
இரண்டு மணி, பம்ப் ஓடுகிறது.
மூன்று வரிக்கும் ஒரே சாய்வு, ஒரே மூச்சு.
"டீ சொல்லட்டுங்களா மேடம்?"
சக்கரை கம்மியா, என்றேன்.

பதில் ஒரே வரி.
செவ்வாய், 02.47.
டி. எப்சிபா, கணினிப் பராமரிப்பு.
எப்போது நின்றது என்று அவர்கள் கேட்கவில்லை.
கையெழுத்துக்கு மேலே
இரண்டு விரல் அகலம் வெள்ளையாக இருந்தது காகிதம்.
ஜன்னலுக்கு வெளியே, ஆற்று மணலில்,
வாய்க்கால் முடியும் இடத்திலிருந்து
ஒரு பச்சைக் கோடு
காய்ந்து கிடந்தது.

பேனாவை மூடாமல் கொஞ்சம் வைத்திருந்தேன்.
பிறகு அந்த இடைவெளியில் எழுதினேன்:
அதற்கு முந்தைய கடைசி அளவு, திங்கள், 23.52.

எதிரே நின்று
தலைகீழாக அதை வாசித்துக்கொண்டிருந்தார் முனிரத்தினம்.
அவர் கையிலிருந்த டீயில்
ஏடு படிந்துகொண்டிருந்தது.