பின்திரைக்கு ஒரு மலை

கராகோலில் என் ஸ்டுடியோ ஜன்னலைத் திறந்தால்
மலைதான்.
ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள்,
பின்னால் மலை வராதா என்று.
இருந்த திரை சுவிட்சர்லாந்து.
பதினோரு வருஷம் ஊரே அதன் முன்னால் நின்று
கல்யாணம் செய்துகொண்டது.
போன மாதம் ஏரியில் ஒரு மடிப்பு கிழிந்து
தண்ணீர் இரண்டாகிவிட்டது.

ஆக, நவம்பர் முதல் வாரம்
நானும் ஜிபாரும் ஏறினோம்.
அவள் முக்காலியைச் சுமந்தாள்,
நான் மற்றதை.
மற்றதில் என் முழங்கால் வலியும் சேர்த்தி.

ஊசியிலை மரங்கள் முடிகிற இடத்தில்
பனி தொடங்கியது.
முதலில் கணுக்கால்,
பிறகு முழங்கால்,
பிறகு பேச்சு நின்றது.
காலை உருவினால் பூட்ஸும் கூட வரவேண்டும் என்று
அடிக்கொரு வேண்டுதல்.

மேட்டில் காற்று
ஆளுக்குள் புகுந்து மறுபக்கமாய்ப் போயிற்று.
பேட்டரி குளிரில் செத்தது.
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.
"குஞ்சு பொரிந்ததா, எஜே?" என்றாள் ஜிபார்.
எங்கும் வெள்ளை. மேகம் எது, நிலம் எது
என்று கேட்டால் சொல்லத் தெரியாத வெள்ளை.
இரண்டரை மணி நேரம்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விலகியது மூன்று நிமிஷம் இருக்கும்.
கிழக்குத் தோளில் வெயில் பட்ட இடம்
பழம் பீங்கானின் மஞ்சள்,
அதற்குக் கீழே ஒரு நீலம்,
அதற்கும் கீழே காற்று உழுதுபோட்ட பனிவரிகள்.
நான்கு படம் எடுத்தேன்.
ஐந்தாவதற்கு விரல் சொன்னபடி கேட்கவில்லை.
அதற்குள் கதவு சாத்தினாற்போல் மேகம்.

நான்காவது படத்தின் இடது மூலையில்
ஒரு பழுப்புப் புள்ளி.
லென்ஸில் தூசி என்றேன்.
வீட்டுக்குப் போய் அழித்துக்கொள்ளலாம்,
அரை நிமிஷ வேலை.

இறங்கும்போது எதிரே குதிரையில் ஒருவர்,
மீசையில் பனி கோத்திருந்தது.
பேர் எசெனாலி. கீழே கிடையில் இருநூறு ஆடு,
அத்தனையும் பத்திரம்.
காணாமல் போனது ஒரு பெட்டைக் குதிரை, சினையாய் வேறு.
நாலு நாளாய்த் தேடுகிறாராம்.
கோட்டுப் பையிலிருந்து குருத் எடுத்துத் தந்தார்.
கல்லாய் இறுகிய உப்புத் தயிர் உருண்டை,
பல்லுக்கு வந்த சோதனை.

"எதைப் பிடிக்கப் போனீர்கள்?"
"மலையை."
"அது எங்கே ஓடிப்போகிறது?"

காட்டினேன்.
மலையை அவர் பார்க்கவே இல்லை.
கையுறையைப் பல்லால் கழற்றி
இடது மூலையைத் தொட்டார்.
"இதைப் பெரிசாக்கு."

பெரிசாக்கினேன்.
புள்ளிக்குக் கால் முளைத்தது.
இன்னும் பெரிசாக்கினேன்.
கட்டம் கட்டமாய்ச் சிதறிய பழுப்பில்
ஒரு கழுத்து குனிந்திருந்தது,
குளம்பால் பனியைக் கிளறிப் புல் தேடுகிற வாகில்.
அவர் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்,
கையகலத் திரையைப் பார்த்து,
இரண்டு தரம்.
பிறகு எங்கள் தடத்திலேயே மேலே போனார்.
நன்றி சொல்ல நேரமில்லை.
நாலு மணிக்கே பள்ளத்தாக்கை நிழல் நிரப்புகிற மாதம்.

கிடைத்ததா, தெரியாது.
ஊரில் விசாரித்தேன். எசெனாலி என்று மூன்று பேர்,
மூவரிடமும் குதிரை இருந்தது.

பிஷ்கெக்கிலிருந்து அச்சகத்துப் பையன் பேசினான்,
மூலையில் கறை மாதிரி ஒன்று, எடுத்துவிடட்டுமா?
கை வைக்காதே என்றேன்.

சனிக்கிழமை முதல் ஜோடி.
மாப்பிள்ளை பெண்ணைவிடக் கொஞ்சம் குள்ளம்,
பெட்டி ஒன்று போட்டு ஏற்றினேன்.
"நகர்ந்து நில்லுங்கள். இன்னும் கொஞ்சம்.
அதை மறைக்கிறீர்கள்."
எதை என்று
இரண்டு பேரும் திரும்பினார்கள்.

அப்போதுதான் அமுக்கினேன்.